வேகத்துக்குத் தண்டம் எழுதிவிட்டார்கள்: கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி இதுதான்: "திருகோணமலை நகரில் வேலை செய்கிறேன். வீடு நிலாவெளிப் பக்கம். போன வாரம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பொலிஸார் மறித்தார்கள். 50இல் போக வேண்டிய இடத்தில் 59இல் வந்ததாகச் சொல்லி 3,000 ரூபாவுக்குத் தண்டப் பத்திரம் எழுதி, சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது முழுக்கச் சிங்களம். நான் 55க்கு மேல் போகவே இல்லை. பணத்தைக் கட்டுவதா, நீதிமன்றம் போவதா? இனிமேல் மறித்தால் எப்படிப் பேச வேண்டும்?"

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பத்திரத்தை எடுத்துத் திகதியைப் பாருங்கள். "போன வாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் என்றால் ஐந்து நாளும் ஆகலாம், பதின்மூன்று நாளும் ஆகலாம். பதின்மூன்று என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே நாள், அதைத் தவறவிட்டால் நட்டம் இன்னொரு 3,000 ரூபா.

தண்டப் பத்திரம் எழுதிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்ட வேண்டும். அந்த 14 நாட்களுக்கும் பத்திரமே உங்களுடைய தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாராளமாக ஓட்டலாம். பதினைந்தாம் நாள் அது வெறும் தாளாகிவிடும், தண்டமும் இரட்டிப்பாகும். உங்கள் 3,000 அப்போது 6,000. 28 நாட்களும் கடந்தால் தபாலகத்துக்கு அதில் வேலையில்லை, விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விடும். 28 வருடம் வாடகை வான் ஓட்டியவன் நான். இப்போது பிள்ளைகளுக்கு வாகனம் ஓட்டப் பழக்குகிறேன். வேகமாக ஓடித் தண்டம் வாங்கியவர்களைவிட, வாங்கிய தண்டத்தை மறந்துவிட்டு நீதிமன்ற வாசலில் நின்றவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். பத்திரத்தைக் கையில் வாங்கியவுடனே இரண்டு பக்கத்தையும் தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். ஒருமுறை என்னுடையது சட்டைப் பையோடு சேர்ந்து துவைக்கப்பட்டு, கொடியில் காயும்போது கைக்கு அகப்பட்டது. புட்டு மாவைப் போல இருந்தது. அதை எழுதிய பொலிஸ் நிலையத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அரை நாள் வாங்கிலில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையை இன்றைக்கும் மனைவிதான் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இனி உங்கள் 55க்கும் அவர்களுடைய 59க்கும் வருவோம். நகரத்திலும் குடிமனைகள் உள்ள இடங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அதற்கு வெளியே 70. முச்சக்கர வண்டிக்கு 40. அதிவேக நெடுஞ்சாலையில் காருக்கு 100. நமது மாவட்டத்தில் அப்படியொரு சாலை இல்லாததால் அந்தக் கணக்கு நமக்குக் கொழும்புப் பயணத்தில்தான் தேவைப்படும். எல்லையை மீறினால் தண்டம் படிப்படியாக ஏறுகிறது. எல்லைக்கு மேல் 20 சதவீதம் வரை 3,000. 20க்கும் 30க்கும் இடையில் 5,000. 30க்கும் 50க்கும் இடையில் 10,000. அதற்கும் மேலே 15,000. 50 எல்லையுள்ள இடத்தில் 60 வரை ஓடினால் மூவாயிரம், 65 வரை ஐயாயிரம், 75 வரை பத்தாயிரம், அதையும் தாண்டினால் பதினையாயிரம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 59 என்று அவர்கள் சொல்வதும் முதல் படியில்தான் இருக்கிறது, 55 என்று நீங்கள் சொல்வதும் அதே படியில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வதை நீதவான் முழுக்க முழுக்க ஏற்றுக்கொண்டாலும் நீங்கள் எல்லையை மீறியவரே. நாலு கிலோமீற்றருக்காக வழக்காடப் போவது, கறிக்கு உப்புக் கூடியதா குறைந்ததா என்று சண்டை பிடித்துவிட்டுக் கடைசியில் முழுக் காசையும் கொடுத்துவிட்டு வருவதைப் போன்றது.

ஆனாலும் நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஏறத்தாழ எல்லோருமே இப்படித்தான் சொல்கிறார்கள், உண்மையாக நம்பியே சொல்கிறார்கள். காரணம் எளிது. கையில் கருவி வைத்திருப்பவர் உங்களை நூறு, இருநூறு மீற்றர் தொலைவிலேயே பிடித்துவிடுவார். அந்த நேரம் நீங்கள் அவரைக் கண்டிருக்க மாட்டீர்கள். இரவுச் சாப்பாட்டையோ கடன்காரரையோ நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். பிறகு மரத்தடியில் காக்கி தெரியும். கை தானாகவே தளரும். கண் அப்போதுதான் வேகமானிக்குப் போகும். அதில் 55 இருக்கும். பொலிஸாரைக் கண்ட பிறகு பார்த்த 55 அது. கருவி பிடித்த 59 அதற்குச் சில விநாடிகளுக்கு முந்தியது. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

கருவி பிழைக்காதா என்று கேட்பீர்கள். பிழைக்கலாம், ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. பழைய ரேடார் வகையில் ரேடியோ அலை விரிந்து போய்த் திரும்பும். ஒரு பஸ்ஸும் அதன் அருகே ஒரு மோட்டார் சைக்கிளும் வந்தால், பஸ்ஸின் வேகம் மோட்டார் சைக்கிளின் தலையில் விழ வாய்ப்புண்டு. லேசர் வகையில் அந்தச் சிக்கல் குறைவு. ஒளிக்கற்றை நூறு மீற்றர் தள்ளி விழும்போதும் ஏறத்தாழ ஓரடி அகலமே இருக்கும். குறிவைத்த வாகனத்தைத்தான் அது அளக்கும். புதிய கருவிகள் படமும் காணொளியும் எடுத்து வைக்கின்றன. "கரையில் சாய்வாக நின்று பிடித்தார்கள், அதனால்தான் கூடக் காட்டியது" என்று தேநீர்க் கடைகளில் ஒரு வாதம் ஓடும். அது தலைகீழ். நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பிடித்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும், இலாபம் நமக்குத்தான். இன்னொன்று, வாகனத்தில் வரும் வேகமானி பொதுவாகச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே தயாரிக்கப்படுகிறது. ஆனால் பின்சில்லுக்கோ முன்சில்லுக்கோ அளவு மாற்றிப் பெரிய டயர் போட்டிருந்தால் அது குறைத்துக் காட்டலாம். உங்கள் மோட்டார் சைக்கிளில் அப்படி ஏதும் செய்திருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, மறித்த இடத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "சேர், எத்தனை விழுந்தது, ஒருக்கால் காட்டுவீர்களா?" பெரும்பாலும் காட்டுவார்கள். திரையில் வேகத்தையும், படம் இருந்தால் வாகன இலக்கத்தையும் பாருங்கள். இலக்கம் உங்களுடையதுதானா? பக்கத்தில் வேறு வாகனம் தெரிகிறதா? இவை பிழையாக இருந்தால் அந்த இடத்திலேயே அமைதியாகச் சொல்ல வேண்டும், பிறகு வீட்டில் இருந்து யோசித்துப் பயனில்லை. நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

எப்போது நீதிமன்றம் போகலாம்? வாகன இலக்கம் பிழை, ஓட்டியது நீங்கள் அல்ல, அந்த இடத்து எல்லை 70ஆக இருக்க 50 என்று எழுதிவிட்டார்கள், செய்யாத குற்றத்தை எழுதிவிட்டார்கள். இப்படி நின்று பேசக்கூடிய விடயம் இருந்தால் போகலாம். தண்டத்தைக் கட்டாமல் நீதவானிடம் குற்றத்தை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பொலிஸார்தான் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். கருவி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதை உங்கள் சட்டத்தரணி கேட்கலாம். ஆனால் முடிவு எடுப்பதென்றால் அந்த 14 நாட்களுக்குள்ளேயே ஒரு சட்டத்தரணியிடம் பத்திரத்தைக் காட்டி எடுங்கள். அதற்குப் பிறகு கையில் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டி, இன்னொரு வழக்கையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு செலவும் உண்டு. திருகோணமலை நீதிமன்ற வளாகத்தில் ஒரு காலைப்பொழுது காத்திருந்து, பெயர் கூப்பிட்டு, திகதி தள்ளி, மறுபடி லீவு எடுத்துப் போகிற நாட்களின் சம்பளத்தையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் விடயத்தில் என் முடிவு நேரானது: கட்டிவிடுங்கள்.

மொழி விடயத்தை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்தான் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும் தமிழே. இது யாரும் நமக்குச் செய்கிற தயவல்ல, அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் எழுதி வைத்திருப்பது. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு செய்யவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே அந்த ஆணைக்குழுவை உருவாக்கியது. ஆனால் வெயிலில் தார் வீதியில் நின்றுகொண்டு, வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு கான்ஸ்டபிளுக்கு அரசியலமைப்பைப் படிப்பிக்கப் போனால் இருவருக்கும் தலைவலிதான் மிஞ்சும். "சேர், எனக்குச் சிங்களம் வாசிக்க வராது, என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். திருகோணமலையில் பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவருக்காவது இரண்டு மொழியும் தெரிந்திருக்கும். வேறு எதிலாவது கையொப்பம் கேட்டால், விளங்காமல் போட வேண்டாம்.

எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் இலக்கம் இலக்கம்தான். பத்திரத்தில் உங்கள் அனுமதிப்பத்திர இலக்கம், வாகன இலக்கம், திகதி, தொகை இந்த நான்கையும் நீங்களே சரிபார்க்கலாம். என்னிடம் பழகிய ஒரு பிள்ளையின் பத்திரத்தில் வாகன இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. அங்கேயே காட்டினாள், அந்த உத்தியோகத்தரும் சிரித்துக்கொண்டு திருத்தித் தந்தார். கவனிக்காமல் போயிருந்தால் அவள் எத்தனை தரம் அலைந்திருப்பாளோ.

மறித்தால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டீர்கள். கையைக் கண்டவுடன் சமிக்ஞை விளக்கைப் போட்டு இடப்பக்கமாக ஒதுங்குங்கள். சடுதியாகப் பிரேக் அடித்துப் பின்னால் வருபவனை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இயந்திரத்தை நிறுத்துங்கள். தலைக்கவசத்தைக் கழற்றுங்கள், முகம் தெரியாதவனிடம் யாரும் மரியாதையாகப் பேசத் தொடங்குவதில்லை. காரில் என்றால் இரவில் உள்விளக்கைப் போட்டுவிடுங்கள். பத்திரங்கள் ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும்: சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ். ஆசனத்துக்கு அடியிலும் மனைவியின் கைப்பையிலும் தேடிக்கொண்டு நிற்பவர் தானாகவே குற்றவாளியைப் போலத் தெரிவார்.

இந்த உறையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வேகத்துக்காக மறிப்பவர் வேகத்தோடு விடுவதில்லை. வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியைப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார், பின்விளக்கைப் பார்ப்பார். தலைக்கவசம், ஆசனப் பட்டி போன்றவை ஆயிரம் ரூபாவோடு போய்விடும். காப்புறுதி இல்லாவிட்டால், அல்லது அனுமதிப்பத்திரமே எடுக்காமல் ஓட்டினால், அது தபாலகத்தில் தீரும் கணக்கல்ல. நேரே நீதிமன்றம், குறைந்தது 25,000. மதுபோதையும் அப்படித்தான். மூன்றாம் தரப்புக் காப்புறுதி முடிந்து மூன்று நாள் ஆனதைக் கவனிக்காமல் ஓட்டியவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தொலைபேசி நாட்காட்டியில் அந்தத் திகதியைப் போட்டு வைக்க ஒரு நிமிடம் போதும்.

பேச்சு என்று வரும்போது, குறைவாகப் பேசுவது நல்லது. "ஏன் மறித்தீர்கள்?" என்று எரிச்சலோடு தொடங்காதீர்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கப் போகிறேன்" என்று இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வரவழைக்காதீர்கள். அவர் அன்று காலையிலிருந்து பத்துக் காய்ச்சலைக் கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசியை எடுத்து "ஒருவரோடு பேசுங்கள்" என்று நீட்டாதீர்கள். திருகோணமலை சிறிய ஊர். எல்லோருக்கும் எங்கேயோ ஓர் அரசியல்வாதியின் செயலாளரைத் தெரியும், ஒரு பொலிஸ் அதிகாரியின் மைத்துனரைத் தெரியும். அந்த அழைப்பு ஒருமுறை வேலை செய்யலாம். அடுத்த முறை அதே சந்தியில் அதே உத்தியோகத்தர் உங்கள் வாகன இலக்கத்தை நினைவில் வைத்திருப்பார்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு மறித்தால் வயிறு கலங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. சோதனைச் சாவடிக்கு முன்பே சைக்கிளிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி தள்ளிக்கொண்டு போன காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். என் அண்ணன் இப்போதும் போக்குவரத்துப் பொலிஸார் மறித்தால் முதலில் அடையாள அட்டையைத்தான் நீட்டுவார். பொலிஸார் கேட்டது சாரதி அனுமதிப்பத்திரம் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும். உங்கள் தலைமுறைக்கு அந்தப் பயம் தேவையில்லை. அந்தப் பயம் போய்விட்டதைக் காட்டுவதற்காகக் குரலை உயர்த்தவும் தேவையில்லை.

காசு விடயத்துக்கு வருவோம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். பெயர், இடம் எதுவும் சொல்ல மாட்டேன், வான் ஓட்டிய காலத்தில் "மூவாயிரம் எழுதவா, ஆயிரத்தோடு முடிக்கவா?" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை கொடுத்தும் இருக்கிறேன். அன்று கொடுத்த ஆயிரத்துக்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை. பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி மறிக்கப்பட்டேன், இந்த முறை ஒரு குற்றமும் இல்லாமல். பழகிய முகம் என்றுதான் மறித்தார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சேர், எழுதித் தாருங்கள்." இந்தச் சொல்லைச் சிரித்த முகத்தோடு சொன்னால் பேரம் பேச வந்தவரும் பேனாவை எடுத்துவிடுவார். சில நேரம் எழுதாமலே "சரி, பார்த்துப் போ" என்று அனுப்பிவிடுவதும் உண்டு.

இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. முறையிடுவதென்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பழைய இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் 1954 என்பதால் மறக்காது. உத்தியோகத்தர் தகாத முறையில் நடந்துகொண்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் 1960க்கு அழைக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டுக்குத் தேவையானது நேரம், இடம், சீருடையில் இருக்கும் பெயர் அல்லது இலக்கம். வாக்குவாதம் செய்து சூட்டைக் கிளப்புவதைவிட, அந்த இலக்கத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வது மேல்.

வெளியூரில் தண்டம் வாங்கினால்தான் உண்மையான தொல்லை. பணத்தை இங்கே நகரத் தபாலகத்தில் கட்டலாம். அனுமதிப்பத்திரமோ எழுதிய பொலிஸ் நிலையத்தில் இருக்கும். குருநாகல் பக்கம் ஒருமுறை மாட்டி, 3,000 கட்டிவிட்டு, அந்த அட்டையை எடுக்க மட்டும் மறுபடி அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்தேன். இதற்குத்தான் அரசுக்குரிய பணத்தை இணையத்தில் கட்டும் கவ்பே (GovPay) முறை வந்தது. 2025 ஏப்ரலில் குருநாகல் – அனுராதபுரம் வீதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பிறகு ஏனைய பகுதிகளுக்கும் விரிவாக்கினார்கள். மறித்த இடத்திலேயே தொலைபேசியில் வங்கிச் செயலி மூலம் தண்டத்தைக் கட்டினால், அனுமதிப்பத்திரத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பத்திரம் எழுதத் தொடங்கும் முன்பே "சேர், கவ்பேயில் கட்டலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அங்கே கமராவைப் பார்த்தும் தண்டம் விதிக்கிறார்கள். யாரும் மறிக்க மாட்டார்கள், கடிதம் வாகனம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய வீட்டுக்கு வரும். மாமாவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போகிற மருமக்களின் கவனத்துக்கு.

நிலாவெளியில் இருப்பதால் இன்னொரு விடயம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள் கடற்கரைப் பக்கம் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அது மட்டும் இங்கே போதாது. இங்கே செல்லுபடியாகும்படி உறுதிப்படுத்திய சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, நீங்கள் 59இல் போனீர்களோ 55இல் போனீர்களோ, அந்த வீதியைப் பற்றி ஒரு கணக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. நகரத்திலிருந்து நிலாவெளிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். 50இல் போனால் 18 நிமிடம். உப்புவெளி, சாம்பல்தீவு என்று ஊர்களுக்கு நடுவே எல்லையை மதிக்காமல் 70இல் பறந்தாலும் 13 நிமிடம். இலாபம் ஐந்து நிமிடம். ஒரு பிளேன்டீ குடிக்கக் காணாது. இரவில் அதே வீதியில் கட்டாக்காலி மாடுகள் பகல் சூடு இன்னும் ஆறாத தாரில் படுத்துக் கிடக்கும். கறுத்த மாடு, கறுத்த தார். உங்கள் முன்விளக்கைத் தாழ்த்தியிருக்கும்போது ஏறத்தாழ 40 மீற்றர் தூரம்தான் ஒழுங்காகத் தெரியும். 50இல் வருபவர் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகிறார். மாட்டைக் கண்டு, கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, பிறகு நிற்க இன்னொரு 14 மீற்றர். 28 மீற்றரில் நின்றுவிடுகிறார். 70இல் வருபவர் அந்த ஒரு விநாடியிலேயே 19 மீற்றர் போய்விடுகிறார், பிறகு நிற்க 27 மீற்றர் வேண்டும். மொத்தம் 46. மாடு இருப்பது நாற்பதில். நகருக்குள் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதிக்கு வருவதும் இதே கதைதான், அவை படுத்திருக்காமல் பாயும் என்பது மட்டும்தான் வித்தியாசம். எதிரே வருகிற வாகனக்காரர்கள் விளக்கை வெட்டி "முன்னால் பொலிஸ்" என்று சைகை காட்டுவதைப் பெரிய உதவியாக நினைக்கிறோம். முன்னால் மாடு படுத்திருக்கிறது என்று எனக்கு இதுவரை ஒருவரும் விளக்கு வெட்டிக் காட்டியதில்லை.

கந்தளாய் வீதியில் போகும்போதும் இதே விழிப்பு வேண்டும். சீனக்குடா தாண்டியதும் கை முறுக்கச் சொல்லும். தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை என்று இடையிடையே ஊர்கள் வந்துகொண்டே இருக்கும், 70 திடீரென 50ஆகும். பலகையைத் தவறவிட்டாலும் கடை வரிசை, பாடசாலை மதில், மஞ்சள் கடவை தெரிந்தால் கையைத் தளர்த்திவிடுங்கள். (பல இடங்களில் அது இப்போது வெள்ளைக் கடவை, நாம்தான் இன்னும் மஞ்சள் என்கிறோம்.) கிண்ணியாப் பாலம் நேராக 400 மீற்றர் வரை நீண்டு கிடக்கிறது, காற்றும் நன்றாக இருக்கும். அதன் இரண்டு முனையிலும் ஆட்கள் நடமாட்டம் உண்டு.

சரி, இனிச் செய்ய வேண்டியது. நாளைக்குக் காலையில் பத்திரத்தையும் 3,000 ரூபாவையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில் தபாலகத்துக்குப் போங்கள். பதினான்காம் நாள் சனி, ஞாயிறு, போயா என்று விழுந்து, கதவு பூட்டியிருக்கும் நாளாக அமையலாம், அதுவரை இழுக்காதீர்கள். பற்றுச்சீட்டைப் படம் பிடித்துவிட்டு, மூலத்தைக் கொண்டுபோய்ப் பத்திரம் எழுதிய பொலிஸ் நிலையத்தில் கொடுத்து அனுமதிப்பத்திரத்தை வாங்குங்கள். போக்குவரத்துப் பிரிவில் ஆள் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். வாங்கும்போது உறையைப் பிரித்து, அட்டையில் இருப்பது உங்கள் முகம்தானா என்று அங்கேயே பாருங்கள். நான் ஒருமுறை பாராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூதூரையும் தாண்டிப் போய், தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் எடுத்துப் பார்த்தால், மீசை இல்லாத ஓர் இளைஞர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.